தூக்கத்தில் உரித்த கிழங்கு

மார்கழி பிறந்துவிட்டால் வடக்கனந்தல் பக்கத்தில் காலை எட்டு மணிக்கு முன்னால் கல்வராயன் மலையை யாரும் பார்க்க முடியாது. மலை இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். மேலே கட்டிக் கிடந்த பனி விடியும்போது மெல்ல இறங்கும். கரும்புக் கொல்லையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, சேகோ மில்லில் மரவள்ளிக்கிழங்கு உரிக்கிற கொட்டகைக்குள் யாரையும் கேட்காமல் நுழைந்துவிடும். அந்த நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கும் நாற்பது பெண்களுக்கும் இடுப்புக்குக் கீழே உடம்பு இருக்காது. தலைகளும் தோள்களும் கத்தி பிடித்த கைகளும் மட்டும் வெள்ளையில் மிதந்துகொண்டிருக்கும். வெளியே ஜவ்வரிசி காயப்போடும் களமும் வெளேரென்று கிடக்குமா, எது பனி எது மாவு என்று காக்காய்க்கே குழப்பம் வரும்.

ஜெயசுதாவுக்கு இந்த நேரம் ரொம்பப் பிடிக்கும். மூன்று மாதத்துக்கு முன்புவரை அவளும் அந்த மிதக்கும் தலைகளில் ஒன்றுதான். இப்போது வாசலோரம் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நோட்டு, பக்கத்தில் எடை மெஷின், பதவி சூப்பர்வைசர். ஏழு தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் குனிந்தே சம்பாதித்த குடும்பத்தில், முப்பத்துநாலு வயதில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற முதல் ஆள் அவள்தான். அவளுடைய அப்பா ராசு அதைப் பார்க்கவென்றே ஒரு நாள் மில் கேட்டு வரை வந்தார். கம்பிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய், அன்றைக்கு முழுக்கத் தெருவில் எல்லோரிடமும் பேசினார்.

நாற்காலி சும்மா வரவில்லை. போன மார்கழியில் அவளுடைய மகன் பகலவன் மூளைக்காய்ச்சலில் விழுந்து, கள்ளக்குறிச்சியில் நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ராத்திரி அவன் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். பொழுது விடியுமுன் தன் அம்மாவை அங்கே வைத்துவிட்டு முதல் பஸ் பிடித்து மில்லுக்கு வருவாள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ உரிக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அவளோ கத்தியைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தாள். ஆனால் அதிசயம் பாருங்கள், கண் விழித்துப் பார்க்கும்போதெல்லாம் கூடை நிறைந்திருந்தது. தன் கைகள் தூக்கத்திலும் வேலை செய்கின்றன என்று அவள் கண்டுபிடித்தது அப்போதுதான். மகன் பிழைத்து எழுந்த பிறகும் எடை குறையவில்லை. வேலைக்கு நடுவே கத்தியை நிறுத்தி, பனிக்குள்ளிருந்து மலை முளைப்பதை வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கிற ஆள் அவள். வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினால் அப்போதும் கூடை நிறைந்திருக்கும். வேலையை நேசித்தால் வேலை தானே நடக்கும் என்று ஒரு தத்துவமே அவளுக்குள் உருவாகிவிட்டது. பழைய சூப்பர்வைசர் விலகியபோது முதலாளி வெற்றிவேல் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒன்பது மாதமாக முன்வரிசையில் இருந்த பெயரைப் பார்த்து இவளைக் கூப்பிட்டார்.

"கண்டிப்பு இருக்கணும்மா," என்று மட்டும் சொன்னார். அவள் கண்டிப்பாக இருந்தாள். ஆறு மணிக்கு மேல் வருகிறவர்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் புள்ளி வைத்தாள். மூன்று புள்ளி விழுந்தால் அரை நாள் லீவு என்று எழுதிக் கூலியைப் பிடிப்பாள். பழைய ஆள் கத்துவான், இவள் கத்தவில்லை. அதுவே பெரிய கருணை என்று அவளுக்கு நினைப்பு.

கார்த்திகை கடைசியில் வெற்றிவேல் ஒரு காகிதத்தோடு வந்தார். கிழங்கு உரிக்கிற மெஷினின் விலைப்பட்டியல். மலையில் பிடுங்கிய மரவள்ளி ரெண்டு நாள் தாங்காது, உள்ளே கருப்புக் கோடு ஓடிவிடும். கருத்த கிழங்கில் வெள்ளை ஜவ்வரிசி எப்படி வரும்?

"மெஷினுக்கு நாலு ஆளு போதும்," என்றார். "எனக்கு இவங்கள அனுப்பணும்னு ஆசையா இன்னா? லோடு தேங்குதேம்மா. இந்த சீசன் பாக்கறேன். வேகம் வரலன்னா வேற வழி கெடையாது."

நாற்பதில் நாலு போனால் முப்பத்தாறு அடுப்பு அணையும். அந்தக் கணக்கு ஜெயசுதாவின் தலைக்குள் புகுந்துகொண்டு இறங்க மறுத்தது.

அந்தச் சமயத்தில்தான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில், சின்ன ஆலைகளின் சூப்பர்வைசர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். மண்டப ஏசியில் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் பேசினார். ஆளைத் திட்டாதே, பாராட்டு. பாராட்டு செலவில்லாத உரம். வேலையில் யார் முதலில் வருகிறாரோ அவர் படத்தை எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்டு என்றார். ஜெயசுதாவுக்கு எழுதி எழுதி விரல் வலித்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினாள். கொட்டகை முழுக்கப் படங்களாகத் தொங்குவதுபோலவும், எல்லாப் படமும் சிரிப்பதுபோலவும் தெரிந்தது. அந்த மனிதர் சொன்னதில் தப்பில்லை. அவருக்கு நம் ஊரில் கண் படுவதைப் பற்றித் தெரியாது, அவ்வளவுதான். இவளுக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தாள் பாருங்கள், அதற்குத்தான் நாற்காலி என்று பெயர்.

மறுநாளே போர்டு வந்துவிட்டது. மேலே 'தன் கையே தனக்கு உதவி' என்று சிவப்புப் பெயின்ட். அதற்குக் கீழே முதல் ஆளின் போட்டோ. அதற்கும் கீழே நாற்பது பேரும் எடை வரிசையில்.

முதல் நாள் போட்டோவில் பச்சையம்மாள் இருந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள். அவள் கத்தி கிழங்கைத் தொடுவதுதான் தெரியும், தோல் கழன்று விழுவது தெரியாது. தன் முகத்தைச் சுவரில் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று ஜெயசுதா சந்தோஷப்பட்டாள். ரெண்டாம் நாளும் பச்சையம்மாள், மூன்றாம் நாளும் பச்சையம்மாள். கடைசிப் பெயர் மூன்று நாளும் கலையரசி. ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் அந்தப் போர்டு பக்கமே திரும்பவில்லை. இன்னும் வேகம் கூடட்டும் என்று ஜெயசுதா நாற்காலியைப் பச்சையம்மாளுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் பச்சையம்மாளின் கத்தி வழுக்கி உள்ளங்கையில் இறங்கியது. பதினோரு வருஷத்தில் அவள் கையில் ஒரு கீறல் விழுந்ததில்லை. உரித்த வெள்ளைக் கிழங்கின் மேல் ரத்தம் சொட்டியதைப் பார்த்துக் கொட்டகையே எழுந்து நின்றது.

"கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாதும்பாங்க," என்றாள் ரங்கம்மாள். அவள் பச்சையம்மாளின் பக்கத்து இடம், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். "மூஞ்சிய போட்டோ புடிச்சி செவுத்துல மாட்டுனா கண்ணு படாம பூவா பூக்கும்?"

மறுநாள் பச்சையம்மாள் வரவில்லை. அடுத்த போட்டோ யாருக்கு என்ற பயம் மற்றவர்களைப் பிடித்தது. முப்பத்தொன்பது பேரும் ரெண்டாவதாக வரப் பாடுபட்டார்கள். ஒருத்தி பத்துக் கிழங்கு உரித்தால் பக்கத்துக் கூடையை எட்டிப் பார்ப்பாள். அங்கே ஒன்பது இருந்தால் கத்தியைக் கீழே வைத்துத் தலையைச் சொறிவாள். கொட்டகையில் பேச்சு நின்றது. சாயங்காலம் மூலையில் உரிக்காத கிழங்கு இடுப்பளவு கிடந்தது. மறுநாள் அதில் ஒன்றை வெட்டிப் பார்த்தால், ஊசியால் கீறியதுபோல் கருப்புக் கோடு.

புதன்கிழமை வெற்றிவேல் அந்தக் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"வெள்ளிக்கெழம வெள்ளிமலைலேர்ந்து ரெண்டு லோடு எறங்குது. அன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா சனிக்கெழம மெஷினுக்கு அட்வான்ஸ் குடுத்துருவேன். உன்மேல கோவம் இல்ல ஜெயசுதா. நீ தூக்கத்துலகூட உரிச்ச பொம்பளன்னு பேரு. உன்னாலயே முடிலன்னா இன்னா செய்யறது?"

வியாழக்கிழமை அவள் மில்லுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கச்சிராயபாளையம் ரோட்டில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, மலையடிவாரத்தில் இருக்கிற பச்சையம்மாள் வீட்டுக்கு நடந்தாள். பனியில் ரோடு முன்னால் நாலு அடிதான் இருந்தது. அவள் நடக்க நடக்க அடுத்த நாலு அடி உண்டாயிற்று. எங்கோ மாட்டு மணி கேட்டது, மாடு தெரியவில்லை. ஒரு சைக்கிள் வெள்ளைக்குள்ளிருந்து வந்து வெள்ளைக்குள்ளேயே போயிற்று. இப்படியே நடந்துகொண்டே இருந்தால் நாளைக்கு வெள்ளிக்கிழமை வராமலே போய்விடும் என்று அவளுக்கு ஒரு ஆசை.

பச்சையம்மாள் கட்டுப் போட்ட கையோடு வாசலில் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு பட்டுடுச்சுன்னு பயப்படுறியா யக்கா?" என்று கேட்டாள் ஜெயசுதா.

"கண்ணாவது மண்ணாவது. கை பதறிச்சு, கத்தி எறங்கிச்சு."

"ஏன் பதறணும்?"

பச்சையம்மாள் கோழியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். "கலையரசிக்குக் குந்தி எந்திரிக்கவே முடில. நூத்தம்பது கிலோவுக்கு அவ எங்க போவா? தெனம் நான் ஒரு கை, ரங்கம்மா ஒரு கை அவ கூடையில போட்டுக்கினு இருந்தோம். நீ போர்டு மாட்டுன. நாற்காலிய எனக்கு எதுருல போட்டுக்கினு குந்திட்ட. மூணு நாளா ஒரு கெழங்குகூட அந்தப் பக்கம் தள்ள முடில. அன்னிக்கி தள்ளலாம்னு திரும்புனேன். நீ பாத்துட்டியோன்னு பதறிடுச்சு."

ஜெயசுதாவுக்குச் சுருக்கென்றது. சூப்பர்வைசர் அல்லவா. "அது தப்பில்லியா யக்கா? அவங்கவங்க வேலைய அவங்கவங்கதான செய்யணும். எம்புள்ள ஆஸ்பத்திரில கெடந்தப்ப நானும்தான் கஷ்டப்பட்டேன். தூக்கத்துலயே உரிக்கலியா?"

பச்சையம்மாள் அவளைப் பார்த்தாள். சிரிப்பு வந்து, அதை விழுங்கிக்கொண்டதுபோல் இருந்தது அவள் முகம்.

"தூக்கத்துல யாராவது கெழங்கு உரிப்பாங்களா சுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கோழி தவிட்டைக் கொத்திக்கொண்டே இருந்தது. ஜெயசுதா வந்த வழியே திரும்பி நடந்தாள். விடைபெற்றாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. பனிக்குள் போகப்போக, போன மார்கழியின் நாற்பது நாளும் அவளைச் சுற்றி வந்து நின்றன. தூக்கத்தில் தலை சாய்கிறது. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, உரித்த கிழங்கை அவள் கூடையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு மறைகிறது. அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று, வளையல் போட்டது. இன்னொன்று, வெற்றிலைக் கறை பிடித்தது. யார் கை என்று முகத்தைப் பார்க்க நிமிர்ந்தால் பனிதான் இருக்கிறது. முதலில் அவளுக்கு அவமானமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது, சொல்லியிருக்கலாமே என்று. அதற்கும் அப்புறம் ரோட்டோரப் புளியமரத்தில் சாய்ந்துகொண்டு, மகன் பிழைத்த அன்று அழுததுபோல் அழுதாள்.

வெள்ளிக்கிழமை விடியும் முன் போர்டைக் கழற்றிச் சுவரோடு திருப்பிச் சாத்தினாள். லாரிகள் வந்து கொட்டிய கிழங்கு பனிக்குள் ரெண்டு குன்றாக நின்றது. பெண்கள் உட்கார்ந்ததும், எழுதி மனப்பாடம் செய்து வந்ததையெல்லாம் மறந்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னிக்கி ஆளுக்கு ஆளு எட கெடையாது. மொத்தமா ஒரே எட. யாரு கூடையில யாரு போட்டாலும் சரி. எனக்கும் ஒரு கத்தி குடுங்க."

ரங்கம்மாள்தான் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினாள். ஜெயசுதா நாற்காலியை வெளியே தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தன் கை எவ்வளவு மந்தமானது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். அவள் ஒன்று உரிப்பதற்குள் ரங்கம்மாள் மூன்று உரித்தாள்.

ஏழு மணிக்குப் பச்சையம்மாள் வந்தாள். ஒரு கையில் கட்டு. உரிக்க முடியாது, மற்றக் கையால் கிழங்கை ஆள் ஆளுக்கு எடுத்துப் போட்டாள். கலையரசியைத் தூணில் சாய்த்து உட்காரவைத்தாள். எட்டு மணிவாக்கில் யாரோ ஒருத்தி யாரையோ கேலி செய்தாள். அதற்கு ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில் என்று கொட்டகைக்கு உயிர் வந்தது. இதுவரை ஒளித்து ஒளித்துப் போட்ட கைகள் இப்போது வெளிச்சத்தில் நீண்டன. வேகமான கை மெதுவான கையின் கூடைக்குத் தாவியது. கூடை யாருடையது என்ற எண்ணமே போய், வெள்ளைக் கிழங்கு கொட்டகை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. எப்போது பனி விலகியது, எப்போது மலை வந்து வாசலில் நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. ஜெயசுதாகூட அன்று மலையைப் பார்க்கவில்லை. ரெண்டாவது குன்று கரைந்து சிமெண்டுத் தரை தெரிந்தபோது மணி நாலாகவில்லை.

வெற்றிவேல் வந்து தரையைப் பார்த்தார். காலால் தோலைக் கிளறி, அடியில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்.

"யாரு ஜாஸ்தி உரிச்சது?"

"தெரியாதுங்க," என்று ஜெயசுதா எழுந்து நின்றாள். இதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் நாற்காலி அவளுடையது. கேட்டுக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்த அப்பாவின் முகம் ஒரு நொடி வந்து போயிற்று. ஆனாலும் சொன்னாள். "இன்னொண்ணு சொல்லணுங்க. நோட்டுல எம்பேருக்கு நேரா இருந்த எடை என்னுது இல்ல. நான் தூங்குனேன். இவங்கதான் எங்கூடையில போட்டாங்க. எனக்கு நேத்துதான் தெரியும்."

வெற்றிவேல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப உன்ன எதுக்கு நான் சூப்பர்வைசர் ஆக்குனேன்?"

பச்சையம்மாள்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"நீங்க எங்க ஆக்குனீங்க மொதலாளி. நாங்கதான் ஆக்குனோம்."

"இன்னாது?"

"நாப்பது நாளு அவ புள்ளைக்காவ போட்டோம். அது செரி. அதுக்கப்பறம் எட்டு மாசம் எதுக்குப் போட்டோம்? பழைய ஆளு போவப்போறான்னு தெரியும். ஜாஸ்தி எடை உள்ளவளத்தான் நீங்க கூப்புடுவீங்கன்னும் தெரியும். பொழுது விடிய ஓடியார்றவள பாத்து, ஏன் லேட்டுன்னு கேக்காம சாப்ட்டியான்னு கேட்டது இந்தக் கொட்டாயிலயே இவ ஒருத்திதாங்க. அப்பேர்ப்பட்டவ நோட்டு புடிச்சா நமக்கு நல்லதுன்னு எல்லாரும் பேசி முடிவு பண்ணோம். அவ மலைய பாக்கறப்ப ஆளுக்கு ஒரு கை போட்டோம்."

கொட்டகையில் நாற்பது தலைகளும் குனிந்தே இருந்தன. சிலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தன் மில்லில் தனக்குத் தெரியாமல் ஒரு தேர்தலே நடந்து முடிந்திருப்பதை வெற்றிவேல் மெல்ல மென்று விழுங்கினார். "மெஷின அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றார். "மொத்த எடையே எழுதும்மா." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் கை கழுவி, கூடையைக் கவிழ்த்து, போய்விட்டார்கள். பச்சையம்மாள் ஜெயசுதாவை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மூன்று மாதத்தில் ஓடி வருகிறவளைக் கேட்கிற அந்தக் கேள்வியைத் தான் யாரையாவது கேட்டோமா என்று ஜெயசுதா தேடிப் பார்த்தாள். ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்கு நோட்டோடு வாசலில் நின்றாள். பனி கொட்டிக் கிடந்தது. முப்பத்தொன்பது பேர் உள்ளே போய்விட்டார்கள். பத்து நிமிஷம் கழித்து, வெள்ளைக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் மட்டும் வேகமாக வந்தது. அப்புறம் வயிறு, அப்புறம் கலையரசி. வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"யக்கா, பஸ்ஸு வர்ல, புள்ளி வெக்காதீங்க, இனிமே..."

"சாப்ட்டியா?" என்று கேட்டாள் ஜெயசுதா.

கலையரசி சொல்ல வந்த காரணமெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. அவள் கண்ணில் நீர் முட்டியது.

"இல்லக்கா," என்றாள். "புள்ளி விழுந்துடும்னு மூணு மாசமா சாப்புடாமதான் ஓடியாறேன்."

ஜெயசுதா நோட்டை எடை மெஷின் மேல் வைத்துவிட்டு, அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, தன் தூக்குச்சட்டியைத் திறந்தாள்.